திரை முழுக்க இரைமீன், தூண்டிலில் சால்மன் இல்லையா?

ஃபிஷ் ஃபைண்டரில் (நீருக்கடியில் இருக்கும் மீனைத் திரையில் காட்டும் கருவி) சால்மன் தின்னும் இரைமீன் மேகம் மேகமாகத் தெரிகிறது, மூன்று தடவை போயும் ஒரு சால்மன்கூடக் கடிக்கவில்லை, ஏரியில் சால்மனே குறைந்துவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். அப்படி முடிவுகட்ட வேண்டாம். பெரும்பாலும் மீன் அங்கேதான் இருக்கும், வயிறு நிறைந்திருக்கும். ஆயிரக்கணக்கான நிஜ இரைக்கு நடுவே உங்கள் ஒற்றை ஸ்பூன் (சிறு மீன் போல மின்னும் உலோகப் போலி இரை) எடுபடாது.

அதனால் படகில் போகும்போது இரைமீன் கூட்டத்தின் நட்டநடுவே தூண்டிலை இழுக்காதீர்கள். ஓரத்தையும் சற்றுக் கீழேயும் பாருங்கள். உருண்டையாக இருந்த மேகம் பிய்ந்து, நடுவில் ஓட்டை விழுந்து, பக்கத்தில் தடித்த வளைகோடுகள் (பெரிய மீன்கள்) தெரிந்தால் வேட்டை நடக்கிறது என்று அர்த்தம். அங்கே படகை மெல்ல வளைத்துத் திருப்புங்கள். வெளிப்பக்கத் தூண்டில் வேகமெடுக்கும், உட்பக்கத்தது தாழும். கூட்டத்தை விட்டுத் தப்பி ஓடும் மீன் மாதிரியே இருக்கும். எனக்குப் பல கடிகள் இந்தத் திருப்பத்தில்தான் கிடைத்திருக்கின்றன.

நீரின் வெப்பத்தையும் பாருங்கள். சினூக் வகைச் சால்மன் என்றால் 10 முதல் 13 டிகிரி செல்சியஸ் உள்ள ஆழத்தில் முதலில் தேடலாம். விடியலுக்கு முன்பே தூண்டில் நீரில் இருக்கட்டும்.

இரை அதிகம் என்று மட்டும் வருந்தாதீர்கள். வட அமெரிக்காவின் ஹியூரான் ஏரியில் 2003-04 வாக்கில் ஏல்வைஃப் என்ற இரைமீனின் எண்ணிக்கை சரிந்தது. அதையே நம்பியிருந்த சினூக்கும் கூடவே சரிந்தது.

சரி, முதல் மீன் கிடைத்ததும் இரைப்பையைக் கீறிப் பாருங்கள். உள்ளே விரல் நீள இரை இருந்தால், ஸ்பூனும் அதே நீளத்துக்கு மாறட்டும்.