குண்டுவீச்சு விமானத்தில் மறைந்த உறவினரைத் தேடத் தரகர் தேவையா?

கேள்வி: யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த என் அம்மம்மாவின் தம்பி 1941இல் இங்கிலாந்துக்குப் போய் பிரித்தானிய விமானப் படையில் சேர்ந்து, குண்டுவீச்சு விமானத்தில் பறந்தார். 1944இன் தொடக்கத்தில் ‘விமான நடவடிக்கையின்போது காணாமற்போனார்’ என்று தந்தி வந்தது. சில மாதங்களுக்குப் பிறகு, அவர் இறந்துவிட்டதாகவே கருதப்படுகிறார் என்று கடிதம் வந்தது. எங்களிடம் அந்தத் தந்தியும் சீருடையில் எடுத்த ஒரு படமும் மட்டுமே இருக்கின்றன. லண்டனிலுள்ள ஒருவர் அவருடைய கோப்பு, கல்லறை விவரம், பதக்கங்கள், நிலுவை இழப்பீடு எல்லாவற்றையும் பெற்றுத் தருவதாகச் சொல்லி 650 பவுண்டும் ஓர் அற்றோர்ணித் தத்துவமும் கேட்கிறார். கொடுக்கலாமா? அவருக்கு எங்காவது கல்லறை இருக்குமா? — வாசகர், டொரான்டோ.

பதில்: பணமும் கொடுக்க வேண்டாம், அற்றோர்ணித் தத்துவமும் கொடுக்க வேண்டாம். இறந்து இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலான ஒரு படைவீரரின் பணிக் குறிப்பை உறவினரல்லாத எவரும்கூட விண்ணப்பித்துப் பெற முடியும் என்ற நிலையில், உங்கள் பெயரில் கையெழுத்திடும் அதிகாரம் அந்த மனிதருக்கு எதற்கு என்பதை அவரிடமே கேட்டுப் பாருங்கள். அவர் பட்டியலிட்டவற்றில் முதல் மூன்றையும் நீங்கள் வீட்டிலிருந்தபடியே தேடலாம். நான்காவதாகச் சொன்ன நிலுவை இழப்பீடு என்ற ஒன்று, உடன்பிறந்தவரின் பேரப்பிள்ளைக்குக் கிடைக்கக்கூடிய வடிவில் எங்கும் இல்லை.

தேடத் தொடங்கும் குடும்பங்கள் எல்லாம் தங்கள் ஆளை மட்டுமே தேடுகின்றன. பாதி நாள் அதிலேயே வீணாகிறது. குண்டுவீச்சு விமானத்தில் எவரும் தனியாக இறக்கவில்லை. 1944இல் பெருவாரியாகப் பறந்த லங்காஸ்டர், ஹாலிஃபாக்ஸ் விமானங்களில் வழக்கமாக எழுவர் இருந்தார்கள். விமானியும் பொறியாளரும் இங்கிலாந்துக்காரர்களாக இருப்பார்கள், குண்டெறிபவர் கனடாக்காரராக இருப்பார், வானொலி இயக்குநர் ஆஸ்திரேலியராக இருப்பார். பாம்பர் கமாண்ட் எனப்பட்ட, விமானப் படையின் குண்டுவீச்சுப் பிரிவில் பறந்த ஏறத்தாழ 1,25,000 பேரில் 55,573 பேர் மாண்டார்கள். அவர்களில் ஏறக்குறைய பத்தாயிரம் பேர் கனடியப் படையைச் சேர்ந்தவர்கள். உங்கள் உறவினரைப் பற்றிய தாள் கிடைக்காவிட்டாலும், அவருடன் அதே இரவில் அதே விமானத்தில் இருந்த மற்ற அறுவரில் ஒருவரின் தாள் கிடைத்துவிட்டால், அவருடைய கதையும் அதில் இருக்கும். ஆகவே தேட வேண்டியது அந்த எழுவரையும்தான்.

முதற்படி காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத் தேடல்; இதற்குக் கட்டணம் கிடையாது. தமிழர்களுக்கு இங்கேயே ஒரு சிக்கல் காத்திருக்கிறது. கந்தையாவின் மகன் செல்லத்துரை என்று ஒருவர் இருந்தால், ஆங்கிலேய எழுத்தர் எதைக் குடும்பப் பெயராக எழுதினார் என்பது அன்றைக்கு அவர் காதில் விழுந்ததைப் பொறுத்தது. தந்தையின் பெயர், சொந்தப் பெயர், இரண்டையும் சேர்த்தெழுதிய வடிவம், ஓரெழுத்து குறைந்த வடிவம் ஆகிய எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். தந்தியில் அவருடைய பணி எண் இருந்தால் அதை வைத்தே தேடுங்கள், அதுதான் பாதுகாப்பான வழி. ஆனால் இடையில் அதிகாரியாக உயர்த்தப்பட்டவருக்குப் புதிய எண் கொடுத்துவிடுவார்கள் என்பதால், பழைய எண்ணில் பெயர் வரவில்லை என்று சோர்ந்துவிட வேண்டாம். பெயர் கிடைத்ததும், விமானப் படை என்பதற்குப் பதிலாக ‘விமானப் படைத் தொண்டர் ரிசர்வ்’ என்று இருக்கக் கண்டு திகைக்கவும் வேண்டாம். போர்க்காலத்தில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோரை அப்படித்தான் பதிந்தார்கள். ‘அவர் ஒரு தனிப் பட்டியலில் இருக்கிறார், அதைத் திறக்கத் தனிக் கட்டணம்’ என்று தரகர்கள் கதை கட்டுவது இந்த ஒரு சொல்லை வைத்துத்தான்.

கல்லறை இருக்குமா என்ற கேள்விக்கு அந்தப் பதிவே விடை சொல்லிவிடும். ஜெர்மனியில் விழுந்தவர்களை உள்ளூர் நிர்வாகம் அருகிலிருந்த இடுகாட்டில் புதைத்தது. போருக்குப் பின் விமானப் படையின் தேடல் பிரிவினர் ஊர் ஊராகச் சென்று குழிகளைத் திறந்து, சட்டைக் கழுத்திலிருந்த எண், சலவைக் குறி, மோதிரம் போன்றவற்றைக் கொண்டு அடையாளம் கண்டு, உடல்களைப் பெரிய இடுகாடுகளுக்கு மாற்றினார்கள். ரைக்ஸ்வால்ட் காடு, ரைன்பெர்க், பெர்லின், ஹனோவர், டுர்ன்பாக் ஆகியவை அத்தகையவை. பிரான்சிலும் நெதர்லாந்திலும் பலரைக் கிராமத்துத் தேவாலய வளாகத்திலேயே விட்டுவிட்டார்கள். காணாமற்போனவர்களாக இருந்த ஏறத்தாழ 42,000 பேரில் 24,000 பேர் வரை 1949க்குள் கல்லறை பெற்றுவிட்டார்கள் என்பதால், தந்தியில் ‘காணாமற்போனார்’ என்று இருப்பதை மட்டும் வைத்து அவருக்குக் கல்லறை இல்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள். குடும்பம் வீடு மாறியதால் அடுத்த கடிதம் கைக்கு வராமலே போயிருக்கலாம். பதிவில் ‘கூட்டுக் கல்லறை’ என்று இருந்தால், விமானம் வெடித்தோ எரிந்தோ விழுந்ததில் உடல்களைப் பிரித்தறிய முடியவில்லை என்று பொருள். இடுகாட்டின் பெயருக்குப் பதிலாக ‘ரன்னிமீட்’ என்றும் ஒரு பலகை எண்ணும் இருந்தால், அவருக்குக் கல்லறை கிடைக்கவில்லை, பெயர் மட்டும் லண்டனுக்கு மேற்கேயுள்ள அந்த நினைவிடத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். அங்கே அத்தகைய 20,000க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன.

இதில் ஒரு விலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இலங்கைக் குடும்பங்களை இது அடிக்கடி குழப்புகிறது. இங்கிலாந்தில் பயிற்சி பெற்ற பலரைப் பின்னர் கிழக்கே அனுப்பினார்கள், சிலரைச் சொந்தத் தீவுக்கே அனுப்பினார்கள். 1942 ஏப்ரல் 9ஆம் நாள் கொழும்பு குதிரைப் பந்தயத் திடலிலிருந்து கிளம்பி, ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களைத் தாக்கப் போன 11ஆம் ஸ்குவாட்ரனின் (விமானப் படை அணியின்) ஒன்பது பிளென்ஹைம் விமானங்களில் ஐந்து அழிந்தன. தெற்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும், சூழ்ந்துள்ள கடல்களிலும் மாண்டு கல்லறை கிடைக்காத விமானப் படையினரின் பெயர்கள் ரன்னிமீட்டில் இல்லை; அவை சிங்கப்பூரின் க்ரான்ஜியிலுள்ள நினைவிடத்தில் இருக்கின்றன. உங்கள் உறவினர் 1944இல் எங்கே இருந்தார் என்று தந்தி சொல்லவில்லை என்றால், அவர் ஜெர்மனிமீதுதான் பறந்தார் என்று நாமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ரன்னிமீட்டில் பெயர் இல்லை என்பதை ஏதோ இரகசியப் பணியின் அறிகுறியாகக் காட்டி, அதைக் கண்டுபிடிக்கப் பணம் கறந்தவர்கள் உண்டு. க்ரான்ஜிப் பட்டியலைப் பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

அடுத்தது தேதி. இந்த விமானங்கள் மாலையில் கிளம்பி நள்ளிரவுக்குப் பின் வீழ்ந்தன. நியூரம்பெர்க் தாக்குதலில் 795 விமானங்கள் 1944 மார்ச் 30 இரவு கிளம்பின, 95 திரும்பவில்லை. ஸ்குவாட்ரனின் நாட்பதிவேட்டில் அது 30 என்று இருக்கும், கல்லறைக் கல்லில் 31 என்று இருக்கலாம். இரண்டும் ஒரே நிகழ்வுதான். அதேபோல, இறந்ததாகக் கருதப்படும் அறிவிப்பு ஏறத்தாழ ஆறு மாதம் கழித்தே வந்தது. அந்தக் கடிதத்தின் தேதியை வைத்துத் திவசம் செய்துவந்த குடும்பமாக இருந்தால், உண்மை நாள் வேறு என்பது இப்போது தெரியவரும்.

பெயரும் நாளும் ஸ்குவாட்ரன் எண்ணும் கிடைத்த பின், இங்கிலாந்தின் லிங்கன் நகரிலுள்ள சர்வதேச பாம்பர் கமாண்ட் மையத்தின் இழப்புப் பதிவைப் பாருங்கள். இதுவும் இலவசம். விமானத்தின் எண், கிளம்பிய தளம், இலக்கு, உடனிருந்த அறுவரின் பெயர்கள் ஆகியவை அங்கே பெரும்பாலும் கிடைக்கும். எழுவரையும் தேட வேண்டும் என்று நான் மேலே சொன்னது இனித்தான் பயன்படும். அந்த அறுவரில் ஆஸ்திரேலியர் ஒருவர் இருந்தால், அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்தின் உயிரிழப்புக் கோப்புகளில் அவர் பெயரைத் தேடுங்கள். பல கோப்புகளை முழுமையாக ஒளிவருடி இணையத்தில் வைத்திருக்கிறார்கள். விமானம் விழுந்த இடம், நேரில் கண்டவரின் வாக்குமூலம், குழி தோண்டியபோது கிடைத்தவை, எழுவரில் யார் எந்தக் குழியில் என்பது வரை அவற்றில் இருப்பதுண்டு. கனடியர் இருந்தால், போரில் மாண்ட கனடியரின் கோப்புகள் இணையத்தில் உள்ளன, நீங்கள் வசிக்கும் நாட்டிலேயே அவை இருக்கின்றன. பிரித்தானிய விமான அமைச்சின் உயிரிழப்புக் கோப்புகளோ, 1939 செப்டம்பரில் தொடங்கித் தேதி வரிசையில் தவணை தவணையாக வெளிவருகின்றன. 1944க்கு முறை வருவதற்குள், கடிதம் எழுதிக் காத்திருந்த தங்கைகளும் தம்பிகளும் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எண்பது ஆண்டு பழைய தாளைத் திறப்பதற்கு இத்தனை நிதானம் ஏன் என்று எனக்கு விளங்கவே இல்லை.

அவருடைய பணிக் குறிப்பு வேறு, உயிரிழப்புக் கோப்பு வேறு. பணிக் குறிப்புகளைப் பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சிலிருந்து அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு 2022 முதல் மாற்றி வருகிறார்கள். உங்கள் விண்ணப்பம் இரு அலுவலகங்களுக்கிடையே பந்தாடப்படலாம், மாதக்கணக்கில் பதில் வராமலும் இருக்கலாம். தரகருக்குப் பணம் கொடுத்தாலும் அவரும் இதே வரிசையில்தான் நிற்பார். பணியில் இருக்கும்போதே இறந்தவருக்கு மரணச் சான்றிதழ் இணைக்கத் தேவையில்லை. இதைத் தெளிவாக எழுதுகிறேன், ஏனென்றால் ‘முதலில் மரணச் சான்றிதழ் எடுக்க வேண்டும், அதற்கு இவ்வளவு’ என்பதுதான் இந்தத் தொழிலில் அதிகம் வசூலிக்கும் பொய். போர்க் கல்லறை ஆணையத்தின் பக்கத்திலிருந்து நீங்களே இலவசமாக அச்சிட்டுக்கொள்ளக்கூடிய நினைவுச் சான்றிதழை எடுத்து, கண்ணாடிச் சட்டம் போட்டு விற்பவர்களும் இருக்கிறார்கள்.

பதக்க விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. இரண்டாம் உலகப் போருக்கான பிரித்தானிய நட்சத்திரப் பதக்கங்களில் பெற்றவரின் பெயரைப் பொறிக்கவில்லை. ஆகவே ‘இது உங்கள் தாத்தாவுடையதே’ என்று ஒரு வணிகர் நீட்டும் பதக்கத்தை மெய்ப்பிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. 1944 ஜூன் 5 வரை பிரித்தானியாவிலிருந்து ஐரோப்பாமீது பறந்தவர்களுக்கான ஏர் குரூ யூரோப் நட்சத்திரம் விலை மிகுந்தது என்பதால், அதன் போலிகள் சந்தையில் நிறையப் புழங்குகின்றன. பின்னர் யாரோ பெயரையும் பொறித்து வைத்திருந்தால் ஐயம் கூடுமே தவிரக் குறையாது. உண்மையான பதக்கத்தைக் குடும்பம் இதுவரை பெறாமல் இருந்தால் பாதுகாப்பு அமைச்சின் பதக்க அலுவலகத்தில் கட்டணமின்றிக் கோரலாம். 2013இல் உருவாக்கப்பட்ட பாம்பர் கமாண்ட் பட்டையையும் (பதக்க நாடாவில் பொருத்தும் உலோகப் பட்டை) அங்கேயே கேட்கலாம். ஆனால் சட்டப்படி மிக நெருங்கிய உறவினருக்கே அது வரும். உங்களைவிட நெருக்கமானவர் உயிருடன் இருந்தால் அவருடைய எழுத்துச் சம்மதத்தை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

விமானத்தின் உடைந்த துண்டு என்று எதையாவது விலைக்குக் காட்டினால் தொடவே தொடாதீர்கள். பிரித்தானியாவில் வீழ்ந்த படை விமானங்கள் 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்பட்டவை, உரிமமின்றித் தோண்டுவது குற்றம். நெதர்லாந்திலோ உடல்கள் இருக்கக்கூடிய சிதைவுகளை அரசே தன் செலவில் மீட்கிறது. 1943 மார்ச்சில் பெர்லினுக்குப் போய்த் திரும்பும் வழியில் வீழ்ந்த ஒரு ஸ்டர்லிங் விமானத்தை 2020இல் மார்க்கர்மேர் ஏரியிலிருந்து அப்படித்தான் எடுத்தார்கள்.

இப்போது உங்கள் கையிலுள்ள படத்தைப் பாருங்கள். இடது மார்பில் ஒற்றைச் சிறகு இருந்தால் அவர் விமானி அல்லர். சிறகின் அடியிலுள்ள வட்டத்துக்குள் ‘என்’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் நேவிகேட்டர் (வழி கணிப்பவர்), ‘ஏஜி’ இருந்தால் துப்பாக்கி வீரர், ‘பி’ இருந்தால் குண்டெறிபவர். ஒரே பெயரில் இருவர் வந்தால் இது பிரித்துக் காட்டும். படத்தின் பின்புறத்தையும் தந்தியையும் ஒளிவருடி வைத்துக்கொள்ளுங்கள், மூலத்தை எவர் கேட்டாலும் அனுப்பாதீர்கள். போர்க்காலத் தந்திகளையும் படங்களையும் விலைக்கு வாங்கும் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள், ‘சரிபார்க்க’ என்று வாங்கிச் செல்லப்பட்ட தந்திகள் ஏலத்துக்கு வருவதுண்டு. அந்த மனிதருக்கு ஏற்கெனவே கடவுச்சீட்டு நகலோ கையெழுத்திட்ட தாளோ அனுப்பியிருந்தால், எதற்கும் அவருக்கு அதிகாரம் தரவில்லை என்று இன்றைக்கே எழுத்தில் தெரிவித்து, அதன் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.