பதினேழாம் எண் கதை

அன்புள்ள ஐயா,

போன மாதம் எங்கள் சமூக மன்றத்தில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குச் சிறுகதைப் போட்டி நடந்தது. மூன்று நடுவர்களில் நானும் ஒருவன். கதைகளில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். பதினேழாம் எண்ணில் இரண்டு பத்தி படித்ததுமே தெரிந்துவிட்டது, என்னிடம் நான்கு வருடம் துணைப்பாடம் படித்த பிள்ளை. முதல் பரிசுக் கதை என்றே எனக்குப் பட்டது. ஆனால் தன் மாணவிக்கே கொடுத்துவிட்டார் என்று பேச்சு வந்துவிடுமே என்று ஐந்து மதிப்பெண் குறைத்துப் போட்டேன். அவளுக்கு மூன்றாம் பரிசு. நடுநிலையாக நடந்துகொண்டேன் என்று வீட்டில் சொன்னேன். அன்றிலிருந்து அந்தச் சொல் உறுத்துகிறது. நீதிபதிகளும் ஆய்வாளர்களும் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள்?

ஈசூனிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள ஐயா,

நீங்கள் செய்தது நடுநிலை இல்லை. உறுத்துகிறது என்று எழுதியிருப்பதால் நேராகவே சொல்கிறேன். மாணவி என்பதற்காக ஐந்து கூட்டியிருந்தால் தவறு என்று நீங்களே சொல்வீர்கள். மாணவி என்பதற்காகக் குறைத்ததும் அதே தவறுதான். இரண்டிலும் கதையை விட்டு ஆளைப் பார்க்கிறோம்.

சிங்கப்பூரில் நீதிபதிகள் பதவியேற்கும்போது எடுக்கும் உறுதிமொழி நம் அரசியலமைப்பிலேயே இருக்கிறது. அச்சமோ சலுகையோ, அன்போ பகையோ இன்றி நீதி செய்வேன் என்பது அதன் சாரம். அதில் அச்சம்தான் முதலில் வருகிறது. சலுகை காட்டிவிடக் கூடாது என்பதில் நாம் கவனமாக இருக்கிறோம். ஊர் என்ன சொல்லுமோ என்ற பயமும் தீர்ப்பைக் கோணலாக்கும் என்பது நமக்குத் தோன்றுவதில்லை. அந்த ஐந்து மதிப்பெண்ணைத் தின்றது அந்தப் பயம்தான்.

'சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல்' என்ற குறளைப் பலமுறை வகுப்பில் நடத்தியிருப்பீர்கள். பரிமேலழகர் உரையை இன்னொரு முறை பாருங்கள். தராசு முதலில் தான் சமனாக நிற்கிறது, அப்புறம்தான் வைத்த பாரத்தை அளக்கிறது. தேக்கா சந்தையில் மீன் வாங்கும்போதும், முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று மீனை வைப்பதற்கு முன்னால்தானே பார்க்கிறோம்? வைத்த பிறகு எடை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் அது சாயத்தான் வேண்டும்.

சரி, பேச்சு வருமே என்ற உங்கள் கவலை? அது நியாயமான கவலை. 1923இல் இங்கிலாந்தில் ஒரு மோட்டார் சைக்கிள் விபத்தில் ஒருவர்மேல் குற்ற வழக்கு. அதே விபத்துக்கு நஷ்டஈடு கேட்ட தரப்பின் வழக்கறிஞர் நிறுவனத்தில் நீதிமன்ற எழுத்தர் ஒரு பங்குதாரர். தீர்ப்பை முடிவு செய்ய நீதிமன்ற நடுவர்கள் உள்ளே போனபோது அவரும் கூடவே போனார். அவரிடம் அவர்கள் எதுவும் கேட்கவில்லை, அவரும் எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் மேல் நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. நீதி செய்தால் மட்டும் போதாது, செய்யப்படுவது கண்ணுக்குத் தெரியவும் வேண்டும் என்ற சொல் அந்தத் தீர்ப்பிலிருந்து வந்தது. 2018இல் நம் மேல்முறையீட்டு நீதிமன்றமும் இதே வழியில்தான் போனது. விவரம் தெரிந்த, நியாயமாக யோசிக்கிற ஒருவருக்குத் தக்க சந்தேகம் எழுமா என்பதுதான் அது கேட்ட கேள்வி.

ஆக, பேச்சுக்கு மருந்து மதிப்பெண்ணைக் குறைப்பது இல்லை. மற்ற இரு நடுவர்களிடம் "பதினேழு யார் என்று எனக்குத் தெரிகிறது, நீங்களே போடுங்கள்" என்று சொல்லியிருக்க வேண்டும். பெயரை மறைத்துவிட்டால் போதும் என்பது நம்மைப் போன்ற சின்ன ஊரில் நடக்காது. நடையே காட்டிக்கொடுத்துவிடும்.

ஆய்வாளர் நிலைமை வேறு. தமிழை நேசிக்கிறேன், அதனால் விலகிக்கொள்கிறேன் என்று அவர் சொல்ல முடியாது. அந்த நேசம்தானே அவரை வேலை செய்ய வைக்கிறது! உ.வே.சா. ஏடுகளை ஒப்பிட்டு ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டபோது, மற்ற ஏடுகளில் இருந்த வேறுபாடுகளையும் அடிக்குறிப்பில் கொடுத்தார். தன்னை மறுக்கத் தேவையான சான்றைத் தன் பக்கத்திலேயே அச்சடித்துக் கொடுப்பது பெரிய காரியம். தமிழறிஞர் வையாபுரிப்பிள்ளை திருக்குறளைப் பிற்காலத்துக்குத் தள்ளினார். அவருடைய காலக்கணக்குகள் பலவற்றை நான் ஏற்கவில்லை. ஆனால் சொல்வழக்குகளைச் சான்றாகக் காட்டித்தான் அவர் பேசினார். அந்தச் சான்றைத் தொடாமல், அவர் தமிழுக்கு எதிரியா என்று விசாரித்தவர்களும் கதையை விட்டு ஆளைத்தான் பார்த்தார்கள்.

ஏற்பாட்டாளர்களிடம் நடந்ததைச் சொல்லிவிடுங்கள். பரிசை மாற்றுவதும் விடுவதும் அவர்கள் பாடு. அந்தப் பிள்ளையையும் கூப்பிட்டு, அவள் கதை உங்களுக்கு முதல் பரிசுக் கதையாகப் பட்டது என்றும், எந்த இடம் அப்படித் தோன்ற வைத்தது என்றும் சொல்லுங்கள். தன் கதை மூன்றாவதுதான் என்று அவள் இப்போது நம்பிக்கொண்டிருப்பாள்.

அன்புடன்.