உசுமாகியைப் பாதியில் விடாதீர்கள்

சுழி வடிவம் ஓர் ஊரையே ஆட்டிப்படைக்கும் ஜுன்ஜி இட்டோவின் ஜப்பானியத் திகில் சித்திரக்கதை 'உசுமாகி'யை நத்தை அத்தியாயத்தோடு மூடிவிட்டதாகவும், எல்லாம் தனித்தனிக் கதையாக இருப்பதால் அலுப்புத் தட்டுவதாகவும் எழுதியிருந்தீர்கள். அலுப்பு நியாயம்தான் நண்பரே. 1998-99இல் வார இதழில் தொடராக வந்தது அது. ஒரு விபரீதம், ஒரு சாவு, அடுத்த அத்தியாயத்தில் எதுவும் நடக்காததுபோல் நாயகி கிரியே பள்ளிக்கூடம் போவாள். இவ்வளவு பார்த்த பிறகும் ஏன் ஊரைவிட்டுக் கிளம்பவில்லை என்று எனக்கும் முதல் பாதி முழுக்க உறுத்தியது. மனிதர்களை ஆழமாக வரைவதில் இட்டோ அக்கறை காட்டவில்லை, உண்மை.

ஆனால் கிரியேயின் காதலன் ஷுயிச்சியின் அம்மாவை நினைத்துப் பாருங்கள். சுழிக்குப் பயந்து விரல்நுனித் தோலையே வெட்டிக்கொள்கிறாள். காதுக்குள்ளேயும் ஒரு சுழி இருக்கிறதே! பேயென்றால் விரட்டலாம், ஒரு வடிவத்தை எங்கே போய் விரட்டுவது? அந்தத் திகில் வேறெங்கும் எனக்குக் கிடைக்கவில்லை.

புயல் வரும் அத்தியாயம்வரை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள், இரவுக்கு ஒன்றாக. அதன்பின் கதை ஒரே ஓட்டம். நீங்கள் துண்டு துண்டாகப் படித்ததெல்லாம் அந்த ஊரைப் பிடித்த ஒரே நோயாகத் தெரியும். அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் ஒரே மூச்சில் படித்துவிடுங்கள்.