கொல்லைப்புறத்தில் இரண்டாவது வீடு கட்டுவோருக்கு நகராட்சி எப்படிப் பண உதவி செய்யலாம்?

கேள்வி அமெரிக்க நகரங்களைப் பற்றியது என்பதால் அங்குள்ள நடைமுறையை வைத்தே சொல்கிறேன். அங்கே ஒரே மனையில் தனிச் சமையலறை, குளியலறையோடு கட்டும் சின்ன வீட்டை ஏடியூ என்பார்கள்.

பலரும் வட்டியைத்தான் பேசுகிறார்கள். ஆனால் ஆளைத் தடுத்து நிறுத்துவது வங்கி வீட்டுக்குப் போடும் மதிப்பீடு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: வீட்டின் இன்றைய மதிப்பு 6,00,000 டாலர், பழைய கடன் பாக்கி 4,50,000. பழைய பாக்கியையும் சேர்த்து மதிப்பில் 80 சதவீதம் வரைதான் கடன் என்றால் கைக்கு வருவது 30,000. கட்டவோ 1,80,000 வேண்டும். கட்டி முடித்தபின் மதிப்பு 7,20,000 ஆகும் என்று எடுத்துக்கொண்டு வங்கி கொடுத்தால் 1,26,000 கிடைக்கும். அப்போதும் 54,000 துண்டு விழும்.

அந்தத் துண்டை நகராட்சி இரண்டாம் கடனாகக் கொடுப்பதே சிறந்த வழி என்பேன். பாஸ்டன் நகரம் வட்டியில்லாமல் கொடுத்தது. மாதத் தவணை இல்லை, வீட்டை விற்கும்போதோ, பழைய வீட்டுக்கடனை அடைத்துப் புதுக்கடனாக மாற்றும்போதோ அடைத்தால் போதும். திரும்பி வரும் பணம் அடுத்தவருக்குப் போகும். கலிஃபோர்னியா மாநிலம் வரைபடம், மண் பரிசோதனை, அனுமதிக் கட்டணம் போன்ற ஆரம்பச் செலவுக்கு 40,000 டாலர் வரை மானியம் கொடுத்தது. நல்ல திட்டம்தான், ஆனால் ஒதுக்கிய நிதி தீர்ந்ததும் நின்றுவிட்டது.

கட்டணத்தை விட்டுக்கொடுப்பதும் பண உதவிதான். கலிஃபோர்னியாவில் 2020 முதல் 750 சதுர அடிக்குக் குறைவான ஏடியூவுக்கு உள்கட்டமைப்புத் தாக்கக் கட்டணம், அதாவது சாலை, பூங்கா போன்ற பொது வசதிகளுக்காகப் புதுக் கட்டடத்திடம் வாங்கும் கட்டணம், கிடையாது. ஆரெகன் மாநிலத்துப் போர்ட்லண்ட் நகரம் 2010லேயே இப்படிப்பட்ட கட்டணத்தைத் தள்ளுபடி செய்தது. பிறகு, சலுகை பெற்ற வீட்டைச் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடக்கூடாது என்ற நிபந்தனையும் வந்தது. அது அவசியம், இல்லாவிட்டால் பொதுப்பணம் விடுதித் தொழிலுக்குப் போய்விடும்.

அதிகம் கவிழ்க்கும் செலவு கண்ணில் படாத இடத்தில் இருக்கிறது. பழைய கழிவுநீர்க் குழாய் இரண்டு வீட்டைத் தாங்காமல் போகலாம். 100 ஆம்பியர் மின்பலகை பெரும்பாலும் போதாது, 200க்கு மாற்ற வேண்டியிருக்கும். இது அஸ்திவாரம் போட்டபின் தெரியவந்தால் கடன் தொகை பாதியிலேயே காலியாகிவிடும். கடனுக்குக் கையெழுத்து வாங்கும் முன்பே நகராட்சிப் பொறியாளர் ஒருவர் இலவசமாக வந்து பார்க்கட்டும். எதிர்பாராச் செலவுக்கு 10 முதல் 15 சதவீதத்தைக் கடனிலேயே சேர்த்துவிடுங்கள்.

இன்னொன்று, கட்டுமானக் கடன் கட்டம் கட்டமாகத்தான் வரும். அஸ்திவாரம், சட்டகம், கூரை என ஒவ்வொன்றையும் வங்கி ஆள் வந்து பார்த்த பிறகே அடுத்த தொகை. அவர் வரப் பத்து நாள் ஆனால் ஒப்பந்தக்காரர் ஆட்களை வேறு வேலைக்குக் கூட்டிப் போய்விடுவார். நகராட்சி ஆய்வாளரின் கையெழுத்தையே வங்கியும் ஏற்கும்படி முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டுவிட்டால் இந்த இழுபறி தீரும், நகராட்சிக்குத் தனிச் செலவும் இல்லை.