அடுத்தவர் ஜெயித்தால் நமக்கும் பலன் உண்டா?

கேள்வி: புதிய சட்டம் ஒன்றின்படி வரி கட்டிவிட்டேன். அது அரசமைப்புக்கு முரணானது என்று வேறொருவர் வழக்குப் போட்டிருக்கிறார். அவர் ஜெயித்தால் என் பணமும் திரும்ப வருமா? காத்திருக்கலாமா?

பதில்: சும்மா காத்திருக்காதீர்கள். எந்த நாடு என்று நீங்கள் எழுதவில்லை, பலன் நாட்டுக்கு நாடு மாறும்.

முரணான சட்டம் சட்டமே அல்ல என்பது பழைய பார்வை. 1803-ல் மார்பரி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது ஏறக்குறைய அதுதான். அப்படிப் பார்த்தால் எல்லோருக்கும் பணம் திரும்பத்தான் வேண்டும். ஆனால் ஒரே நாளில் ஒரு சட்டம் காணாமல் போனால் வரும் குழப்பத்தையும் நீதிமன்றங்கள் இப்போது கணக்கில் எடுக்கின்றன.

ஆஸ்திரியாவில் அரசமைப்பு நீதிமன்றம் ஒரு சட்டத்தை ரத்து செய்துவிட்டு, அந்த ரத்து நடைமுறைக்கு வருவதை 18 மாதம் வரை தள்ளிவைக்கலாம். அதுவரை சட்டம் ஊருக்கெல்லாம் பொருந்தும், வழக்குப் போட்டவருக்குப் பொருந்தாது. விசாரணை தொடங்கும்போதே அங்கே நிலுவையில் இருந்த வழக்குகளுக்கும் இதே சலுகை உண்டு. அதாவது, வரிசையில் நின்றவருக்குத்தான் பலன்.

ஜெர்மனியில் இன்னும் கறார். சட்டம் செல்லாது என்றாலும், மேல்முறையீட்டுக்கு வழியில்லாமல் முடிந்துபோன வரி உத்தரவுகள் பொதுவாக அப்படியே நிற்கும். வசூலாகாத பாக்கியை மட்டும் இனி வசூலிக்க முடியாது. ஒழுங்காகக் கட்டியவருக்கு நஷ்டம், இழுத்தடித்தவருக்கு லாபம். எனக்கு இது உறுத்தத்தான் செய்கிறது. குற்றத் தண்டனை என்றால் மட்டும் மறுவிசாரணை கேட்கலாம்.

பிரிட்டனில் 1998 மனித உரிமைச் சட்டப்படி, நாடாளுமன்றச் சட்டம் ஒன்று உரிமைகளோடு ஒத்துப்போகவில்லை என்று நீதிமன்றம் அறிவிக்கலாம், அவ்வளவுதான். சட்டம் அமலில் இருக்கும். அங்கே ஜெயித்தவருக்கே அந்த அறிவிப்பால் நேரடியாகப் பணம் வராது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? வரி உத்தரவை ஆட்சேபிக்கக் காலக்கெடு இருக்கும், முதலில் அதைப் பாருங்கள். அது முடிவதற்குள் எழுத்துமூலமாக ஆட்சேபம் கொடுத்து, முக்கிய வழக்கின் தீர்ப்பு வரும்வரை அதை நிலுவையில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். இனி கட்டுவதை ஆட்சேபத்துடன் கட்டுவதாக எழுதிக் கொடுங்கள். கெடு தாண்டியிருந்தால், தாமதத்தை மன்னிக்க வழியுண்டா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். அப்புறம், அந்த வழக்கில் பணத்தைத் திருப்பித் தரவும் கேட்டிருக்கிறார்களா என்றும் விசாரியுங்கள். கேட்காத நிவாரணத்தை நீதிமன்றம் தானாகத் தருவது அபூர்வம்.