தலை ஒரு பக்கம் தட்டை: காதைப் பாருங்கள், கழுத்தையும் பாருங்கள்

கேள்வி: திருவையாறு பக்கத்துக் கிராமம் எங்களுடையது. என் மகனுக்கு நான்கு மாதம் முடிந்துவிட்டது. வாக்குவம் போட்டு எடுத்தார்கள். பிறந்தபோது உச்சியில் பெரிய வீக்கம் இருந்தது, மூன்று நாளில் வற்றிவிட்டது. ஒன்றரை மாதத் தடுப்பூசிக்குப் போனபோதுதான் பின்மண்டை வலப்பக்கம் தட்டையாக இருப்பதைக் கவனித்தேன். இப்போது பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். வலது காதும் முன்னால் தள்ளி நிற்கிறது. தூளியில்தான் தூங்குவான். மாமியார் தினமும் குளிக்க ஊற்றும்போது எண்ணெய் தேய்த்துத் தலையை உருட்டிவிடுகிறார். வாக்குவத்தால் வந்தது என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. என் நாத்தனார் ஹெல்மெட் வாங்கச் சொல்கிறார். மண்டை எலும்பு ஒட்டிக்கொண்டால் மூளை வளராது, ஆபரேஷன்தான் என்று போனில் ஒரு வீடியோ பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. இன்னொன்று, பிள்ளைக்கு ஒரு மாதம் இருக்கும்போது இடப்பக்கக் கழுத்தில் கொண்டைக்கடலை அளவு ஓர் உருண்டை கையில் தட்டுப்பட்டது. இப்போது தெரியவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காது என்று நினைக்கிறேன்.

— ஒரு தாய், தஞ்சாவூர் மாவட்டம்

மருத்துவர் பதில்:

சம்பந்தம் இருக்காது என்று கடைசியில் எழுதினீர்களே, அந்த உருண்டையிலிருந்தே தொடங்குகிறேன் அம்மா. உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான்.

காதுக்குப் பின்னாலிருந்து நெஞ்செலும்பு வரை, கழுத்தின் இரு பக்கமும் ஒரு தசை சாய்வாக இறங்குகிறது. சில குழந்தைகளுக்கு அதில் ஒரு பக்கத் தசை மட்டும் இறுகிக் குட்டையாகிவிடும். பிறந்து இரண்டு மூன்று வாரத்தில் அங்கே ஓர் உருண்டை தட்டுப்படும், சில மாதங்களில் தானாகக் கரையும். கரைந்துவிட்டதே என்று வீட்டில் நிம்மதியாகிவிடுவார்கள். ஆனால் உருண்டை போன பிறகும் இறுக்கம் தங்கிவிடலாம். இதை டார்ட்டிகோலிஸ் என்போம். இடது தசை இறுகினால் தலை இடது தோள் பக்கம் சாயும், முகவாய் வலப்பக்கம் திரும்பும். அப்படித் திரும்பிய தலை படுக்கையில் எங்கே அழுந்தும்? வலப் பின்மண்டையில். உங்கள் மகனுக்குத் தட்டையாக இருப்பதும் அதே இடம்தான்.

வீட்டிலேயே ஒன்றைச் சோதித்துப் பார்க்கலாம். பிள்ளையைப் பாயில் மல்லாக்கப் போட்டு, இடப்பக்கமாக நின்று கிலுகிலுப்பையை ஆட்டுங்கள். முகவாய் இடது தோள் வரை வருகிறதா? பாதியில் நின்றுவிட்டு, கண் மட்டும் உருண்டு உங்களைத் தேடுகிறதா? இரண்டாவது என்றால் கழுத்துதான் மூல காரணம், தலை அதன் விளைவு.

இனி உங்கள் தூக்கத்தைக் கெடுத்த அந்த வீடியோவுக்கு வருகிறேன். பிறக்கும்போது மண்டை ஓடு ஒரே எலும்பாக இருப்பதில்லை. பல தகடுகள், நடுவே நெகிழ்வான பொருத்துக் கோடுகள். உச்சிக்குழி என்று நாம் தொட்டுப் பார்ப்பது இந்தக் கோடுகள் சந்திக்கும் இடைவெளி. இந்தக் கோடுகளில் ஏதாவது ஒன்று காலத்துக்கு முன்பே எலும்பாகி ஒட்டிக்கொள்வதுதான் கிரேனியோசினோஸ்டோசிஸ். ஏறக்குறைய 2,000 முதல் 2,500 பிறப்புகளுக்கு ஒன்றில் வருகிறது. அது வந்தால் அறுவை சிகிச்சை தேவைப்படுவதும் உண்மைதான். வீடியோவில் சொன்னது முழுப் பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் படுக்கை அழுத்தத்தால் வரும் தட்டைத் தலை அதைவிடப் பல மடங்கு அதிகம். அதில் எந்தக் கோடும் ஒட்டுவதில்லை, மூளைக்கு இடமும் குறைவதில்லை.

இரண்டையும் பிரித்தறிய, பிள்ளையை மடியில் உட்கார வைத்துத் தலைமுடியை ஈரமாக்கிப் படிய வாருங்கள். வேறொருவர் நேர் மேலிருந்து, மூக்கு நுனி தெரியும்படி ஒரு போட்டோ எடுக்கட்டும். படுக்கை அழுத்தத்தில், தட்டையான பக்கம் முழுவதுமே முன்னால் நகர்ந்திருக்கும். பின்னால் வலது தட்டை என்றால் வலது காது முன்னே வந்திருக்கும், வலது நெற்றியும் சற்று முன்னே புடைத்திருக்கும். பள்ளியில் வரைந்தோமே இணைகரம், அந்த வடிவம். பின்மண்டைக் கோடு ஒட்டியதால் வந்த தட்டை வேறு மாதிரி இருக்கும். அந்தப் பக்கத்துக் காது பெரும்பாலும் பின்னுக்கும் கீழுக்கும் இழுபட்டிருக்கும், காதுக்குப் பின்னால் எலும்பு முண்டாகத் துருத்தும், மேலிருந்து பார்த்தால் தலை சரிவகமாகத் தெரியும். இந்த வகை மிக அரிது. காது முன்னால் தள்ளி நிற்கிறது என்று பயந்து எழுதியிருக்கிறீர்கள். எனக்கோ அந்த வரியைப் படித்ததும் பாதிக் கவலை போய்விட்டது.

மீதிக் கவலையைக் குறைப்பது, இது தொடங்கிய காலம். ஒட்டிய எலும்பின் வடிவம் பெரும்பாலும் பிறந்த அன்றே இருக்கும், மாதம் ஏற ஏறக் கூடும். அழுத்தத்தால் வருவது பிறந்து சில வாரம் கழித்துத் தலைகாட்டி, நான்கு மாதம் வாக்கில் உச்சத்துக்குப் போய், பிள்ளை புரண்டு உட்காரத் தொடங்கியதும் இறங்குமுகமாகும். பிறந்த சமயத்தில் எடுத்த போட்டோக்களைத் தேடிப் பாருங்கள். அப்போது பின்மண்டை உருண்டையாக இருந்ததா?

வாக்குவத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டாம். அது உண்டாக்கும் தோல் வீக்கம் சில நாளில் வற்றிவிடும், உங்கள் மகனுக்கு வற்றியதுபோல. எலும்புக்கும் அதன் மேலுறைக்கும் நடுவில் ரத்தம் கட்டினால் மட்டும் ஒரு எலும்புத் தகட்டின் எல்லைக்குள் நிற்கும் புடைப்பு வரும். அது கரைய வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். இரண்டுமே புடைப்புகள். தட்டைக்கு அவை கணக்கில்லை.

இதைப் படிக்கும் மற்றத் தாய்மார்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தலை பிறந்ததிலிருந்தே முன்பின்னாக நீண்டு, பக்கவாட்டில் ஒடுங்கி, நடு உச்சியில் எலும்பு வரப்பு கையில் தட்டுப்பட்டால் நெடுக்குக் கோடு ஒட்டியிருக்கலாம். ஒட்டும் வகைகளில் இதுதான் அதிகம், ஆண் குழந்தைகளுக்குக் கூடுதல். குறைமாதத்தில் பிறந்து வாரக்கணக்கில் ஒருக்களித்துக் கிடந்த குழந்தைக்கும் தலை நீளமாகலாம், அது வேறு. நெற்றி நடுவில் லேசான வரப்பு மட்டும் இருந்தால் பயமில்லை, ஏனென்றால் அந்தக் கோடு மூன்றிலிருந்து ஒன்பது மாதத்துக்குள் இயல்பாகவே மூடிவிடும். வரப்போடு நெற்றி முக்கோணமாகக் கூம்பி, கண்கள் நெருங்கியிருந்தால் காட்ட வேண்டும். ஒரு பக்க நெற்றி மட்டும் உள்வாங்கி அந்தப் பக்கத்துக் கண் மேலே ஏறினாற்போல் இருந்தாலும், மண்டை மாற்றத்தோடு கைவிரல்கள் ஒட்டியிருந்தாலும் தாமதிக்கக் கூடாது. தலை வேகமாகப் பெருத்து, அழாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்போதும் உச்சிக்குழி புடைத்து, வாந்தியும் சேர்ந்து, கருவிழி கீழே இறங்கியே நின்றால் அது நீர் கோத்த தலையாக இருக்கலாம். அன்றைக்கே கிளம்ப வேண்டியது.

வடிவத்தைப் பார்ப்பவர்கள் அளவை மறந்துவிடுகிறார்கள், எனக்கு அதில்தான் வருத்தம். நீளாத டேப்பை எடுத்து, புருவத்துக்கு மேலாகவும் பின்மண்டையின் துருத்திய இடம் வழியாகவும் சுற்றி அளக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி ஆண் குழந்தைக்குப் பிறக்கும்போது சராசரி 34.5 செ.மீ., நான்கு மாதத்தில் 41.6, ஒரு வயதில் 46 செ.மீ. உங்கள் மகனுக்கு 40 என்றோ 43 என்றோ வந்தால் கலங்காதீர்கள். ஒரு எண் எதையும் சொல்லாது. மாதாமாதம் எடுத்த அளவு வரைபடத்தில் தன் கோட்டையொட்டியே ஏறுகிறதா என்பதே கேள்வி. தடுப்பூசிக்குப் போகும்போது கிராம சுகாதாரச் செவிலியரிடம் தலைச் சுற்றளவையும் அளந்து எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். எடையோடு நிறுத்திக்கொள்ளும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது.

மாமியார் விஷயம். எண்ணெய் தேய்த்துக் குளிக்க ஊற்றட்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. அவர் வளர்த்த பிள்ளைகளின் தலை உருண்டையானது கையால் உருட்டியதால் என்று அவர் நம்புவார். பிள்ளைகள் உட்கார்ந்ததால் என்று நான் சொல்வேன். வாதம் தேவையில்லை. ஆனால் தலையை அழுத்துவதும், கழுத்து இறுக்கம் இருக்கும் குழந்தையின் தலையைப் பிடித்துத் திருப்பி எண்ணெய் நீவுவதும் வேண்டாம். மருத்துவர் சொன்னார் என்று என்மேல் பழியைப் போட்டுவிடுங்கள்.

தூளியைப் பற்றி நான் கொஞ்சம் கறாராகவே இருப்பேன். கூடத்து உத்தரத்தில் கட்டிய தூளியில் துணி இரு பக்கமும் தலையைக் கவ்விக்கொள்கிறது, வலப்பக்கம் திரும்பியவன் அப்படியே கிடப்பான். முகவாய் நெஞ்சில் இடித்து மூச்சு முட்டும் ஆபத்தும் உண்டு. புரளத் தொடங்கும் வயது வந்துவிட்டது, தூளியை அவிழ்த்துவிடலாம். தரையில் பாய், மேலே மெல்லிய விரிப்பு போதும். தலையணை வேண்டாம், கடுகுத் தலையணையும் வேண்டாம், நடுவில் குழி வைத்து விற்கும் தலையணையும் வேண்டாம். தூக்கம் எப்போதும் மல்லாக்கத்தான். தலை தட்டையாகிறதே என்று குப்புறப் போட்டுத் தூங்க வைப்பது, தூக்கத்தில் திடீர் மரணம் நேரும் ஆபத்தைக் கூட்டும்.

விழித்திருக்கும்போது கதை வேறு. பால் குடித்தவுடன் இல்லாமல், சற்று இடைவெளி விட்டு, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து குப்புறப் போடுங்கள். ஐந்து நிமிடமாகத் தொடங்கி, பல தவணையாக நாளுக்கு ஒரு மணி நேரம் வரை கொண்டுபோகலாம். படுக்கும்போது அவனுடைய வலப்பக்கம் சுவரும், இடப்பக்கம் வாசல் வெளிச்சமும் நீங்களும் இருக்கும்படி பாயைப் போடுங்கள். அப்பாவும் தாத்தாவும் இடப்பக்கமிருந்தே கொஞ்சட்டும். கழுத்துக்கான நீட்டல் பயிற்சியை மட்டும் வீடியோ பார்த்துச் செய்யாதீர்கள். பிசியோதெரபிஸ்ட் கையில் கற்றுக்கொண்டு, பிறகு வீட்டில் செய்யுங்கள். சீக்கிரம் தொடங்கினால் பெரும்பாலான குழந்தைகளுக்கு அறுவை இல்லாமலே சரியாகிறது.

ஹெல்மெட்டுக்கு இப்போது காசு செலவழிக்க வேண்டாம். நடுத்தர, கடுமையான தட்டைத் தலைக்கு அது பயனா என்று நெதர்லாந்தில் சோதித்து 2014-இல் முடிவு வெளியிட்டார்கள். இரண்டு வயதில், போட்ட குழந்தைகளுக்கும் போடாதவர்களுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடு இல்லை. மிகக் கடுமையான வடிவத்துக்குச் சில மருத்துவர்கள் இன்னமும் பரிந்துரைக்கிறார்கள். நம் ஊர் சித்திரை வெயிலில், நாளுக்கு 23 மணி நேரம் ஒரு பிள்ளை அதை மாட்டிக்கொண்டு கிடப்பதை நினைத்தாலே எனக்கு வியர்க்கிறது.

கடிதத்தை வைத்து நான் சொன்னதெல்லாம் ஊகம்தான். இந்த வாரமே தஞ்சாவூரில் குழந்தைகள் நல மருத்துவர் ஒருவரிடம் நேரில் காட்டுங்கள். அரசு மருத்துவமனை என்றால், ராசா மிராசுதார் மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்குப் போகலாம். அவர் கையால் தடவிப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். ஐயம் இருந்தால் பொருத்துக் கோடுகளை அல்ட்ராசவுண்டில் பார்க்கலாம். சி.டி. ஸ்கேன் எடுங்கள் என்று நீங்களாகக் கேட்காதீர்கள், அவ்வளவு கதிர்வீச்சு எல்லோருக்கும் தேவையில்லை. ஒருவேளை கோடு ஒட்டியிருந்தால் நாள் கடத்தக் கூடாது, ஏனென்றால் சிறு துளை வழியாகச் செய்யும் அறுவைக்கு முதல் சில மாதங்களே ஏற்ற காலம். ஆறு மாதம் ஆகட்டும் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

போகும்போது இடுப்பு மூட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். கழுத்துத் தசை இறுகிய குழந்தைகள் சிலருக்கு இடுப்பு மூட்டும் சரியாக உட்காராமல் இருக்கும், கேட்காவிட்டால் அது விடுபட்டுப்போகலாம். கழுத்து நிற்கிறதா, குப்புறப் போட்டால் முழங்கையூன்றித் தலை தூக்குகிறானா என்பதையும் சொல்லுங்கள். மேலிருந்து எடுத்த போட்டோவில் தேதி போட்டு வையுங்கள், மாதம் ஒன்று அதேபோல எடுங்கள். கூடவே இருப்பவர் கண்ணுக்கு மாற்றம் தெரியாது. இரண்டு மாதம் பயிற்சி செய்தும் படத்தில் மாற்றமே இல்லை, அல்லது கூடியிருக்கிறது என்றால், எல்லாப் படங்களோடும் மறுபடி அதே மருத்துவரிடம் போங்கள்.