வலிப்பு நோய் இருந்தால் நினைவும் யோசிக்கும் திறனும் மங்கிவிடுமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: தம்பிக்கு 19 வயது, மூன்று வருடமாக வலிப்பு நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறான். வலிப்பு வருவது குறைந்துவிட்டது. ஆனால் படித்தது தங்கவில்லை, பேசும்போது வார்த்தைக்குத் தடுமாறுகிறான். நோய் மூளையைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடுமா என்று அக்கா கேட்கிறார்.

எனக்கும் வலிப்பு நோய் உண்டு. இடது காதுக்கு மேலே, உள்ளே இருக்கும் டெம்போரல் பகுதியில் தொடங்குகிற வகை. நான் டாக்டர் இல்லை, பிழை திருத்துவது என் தொழில். வார்த்தையை வைத்துப் பிழைக்கிறவனுக்கு வார்த்தையிலேயே கைவைக்கிற நோய் வாய்த்ததால், இதைப் பற்றித் தேவைக்கு மேலேயே படித்திருக்கிறேன்.

உலகத்தில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது. அத்தனை பேருக்கும் அறிவு மங்குகிறது என்பது சுத்தப் பொய். பலருக்கு ஒரு பாதிப்பும் இருக்காது. இருக்கிறவர்களிலும் பலருக்கு மொத்தமாக எல்லாம் மங்கிவிடுவதில்லை. ஒருவருக்கு நினைவு, இன்னொருவருக்குக் கவனம், வேறொருவருக்குத் திட்டமிடுவது என்று ஏதோ ஒன்றில்தான் இடிக்கும். எது என்பது பெரும்பாலும் வலிப்பு மூளையில் எங்கே தொடங்குகிறது என்பதைப் பொறுத்தது. அப்புறம், வலிப்பு வரும் அந்த ஓரிரு நிமிடத்தைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள். உங்கள் தம்பியின் மறதிக்குக் காரணம் தேட வேண்டியது வலிப்பு வராத மற்ற நேரத்தில் என்பது என் கட்சி.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது? ஒரு மண்டபத்தில் ஆளுக்கொரு பக்கம் பேசிக்கொண்டிருக்கும் கூட்டம் திடீரென்று ஒரே தாளத்தில் கைதட்டத் தொடங்கினால் சத்தம் பெரிதாக இருக்கும், ஆனால் யாரும் யாரிடமும் எதையும் சொல்ல முடியாது. வலிப்பின்போது நரம்பு செல்கள் அப்படித்தான் ஒரே நேரத்தில் மின்துடிப்பை வெளிவிடுகின்றன. சாதாரண நேரத்தில் காபா என்கிற வேதிப்பொருள் செல்களை அடக்கி வைக்கும், குளூட்டமேட் தூண்டிவிடும். இந்தச் சமநிலை ஒரு இடத்தில் குலைந்தால் அந்த இடம் செய்யும் வேலை அந்த நேரத்துக்கு நின்றுபோகும்.

என் விஷயத்தில் அடிவயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறுவது போலிருக்கும். நடப்பதெல்லாம் ஏற்கெனவே நடந்தது போலத் தோன்றும். அதன் பிறகு எனக்கு எதுவும் தெரியாது. சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு, வாயைச் சப்புக்கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேனாம். கீழே விழுவதில்லை, கை கால் உதறுவதில்லை; அதனாலேயே இதை வலிப்பு என்று பலர் நம்புவதில்லை. தெளிந்த பிறகு பேச்சு திரும்பக் கொஞ்ச நேரமாகும். மனைவி பேனாவைக் காட்டி "இது என்ன?" என்று கேட்பாள். அது எதற்கு என்று தெரியும், பிடித்து எழுதியும் காட்டுவேன், பேர் மட்டும் வராது. "எழுதுறது, எழுதுறது" என்பேன். பெரும்பாலானவர்களுக்கு மொழி இடப்பக்க மூளையில்தான் இருக்கிறது. வலிப்பு அங்கே தொடங்கினால் முதலில் அடிபடுவதும் அதுதான்.

சரி, இதெல்லாம் தற்காலிகம். இனி அந்த மற்ற நேரத்துக்கு வருகிறேன்.

வலிப்பே வராத நேரத்திலும் இ.இ.ஜி. (தலையில் கம்பி ஒட்டி மூளையின் மின்துடிப்பைப் பதிவுசெய்வது) எடுத்தால் அங்கங்கே கூர்மையான சிறு துடிப்புகள் தெரியலாம். வெளியே ஒன்றும் தெரியாது, ஆனால் சிலருக்கு அந்தக் கணத்தில் கவனம் அறுந்துபோகும். குழந்தைகளுக்கு வரும் ஒரு வகை வலிப்பில் இதைப் பளிச்சென்று பார்க்கலாம்: சில விநாடிகள் வெறித்த பார்வை, அவ்வளவுதான். இ.இ.ஜி.யில் விநாடிக்கு 3 அலை என்ற கணக்கில் ஓடும். ஒரு நாளில் பல தடவை வந்தால் பாடத்தில் பாதி காதிலேயே விழுந்திருக்காது, பிள்ளைக்கோ பகல் கனவு காண்கிறான் என்று திட்டு கிடைக்கும்.

தூக்கம் இன்னொன்று. பகலில் கற்றதை மூளை நிலைப்படுத்துவது பெருமளவு தூக்கத்தில்தான். அந்தத் துடிப்புகளும் தூக்கத்தில்தான் அதிகமாகும். டெம்போரல் வகைக்காரர்கள் சிலருக்கு இதை ஒட்டி ஒரு விசித்திரமான மறதி வரும். அரை மணி நேரம் கழித்துக் கேட்டால் எல்லாம் சரியாகச் சொல்வார்கள். சில வாரம் கழித்துக் கேட்டால் சுத்தமாக இருக்காது. எனக்கு இது உண்டு. ஒரு கல்யாணத்தில் பந்தி பரிமாறியிருக்கிறேன், கையில் வாளியோடு போட்டோ இருக்கிறது. மறுவாரம் வரை அதைப் பற்றிப் பேசினேனாம். இப்போது அந்தப் போட்டோ யாரோ ஒருவருடையது போலத்தான் இருக்கிறது. சாதாரண நினைவுப் பரிசோதனையில் இது பிடிபடாது என்பதுதான் கொடுமை.

இதன் மையத்தில் இருப்பது ஹிப்போகாம்பஸ், டெம்போரல் பகுதியின் உள்ளே புது நினைவுகளைப் பதியவைக்கும் சிறு பகுதி. அது போனால் என்ன ஆகும் என்பது உலகத்துக்குத் தெரிந்ததே ஒரு வலிப்பு நோயாளியால்தான். ஹென்றி மொலெய்சன் என்ற அமெரிக்கருக்கு 1953-ல் வலிப்பை நிறுத்த இரண்டு பக்கமும் அந்தப் பகுதியை வெட்டி எடுத்தார்கள். வலிப்பு வெகுவாகக் குறைந்தது. ஆனால் 2008-ல் இறக்கும்வரை புதிதாக நடந்த எதையும் அவரால் நினைவில் வைத்துக்கொள்ள முடியவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவரை ஆராய்ந்தார். கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரைவதில் அவர் நாளுக்கு நாள் தேறினார், முன்பு வரைந்ததே நினைவில்லாமல். அவருடைய அறிவுத்திறன் மதிப்பெண்ணும் குறையவில்லை. அறிவும் நினைவும் வேறு வேறு பெட்டி என்று நான் எல்லாரிடமும் வாதாடுவது இவரை வைத்துத்தான். இன்றைக்கு இந்த அறுவை சிகிச்சையை ஒரு பக்கம்தான் செய்கிறார்கள், அதுவும் எந்தப் பக்கம் மொழியையும் நினைவையும் தாங்குகிறது என்று பார்த்துவிட்டு.

உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு முதலில் சந்தேகம் வந்தது மாத்திரை மேல்தான். வலிப்பு மாத்திரைகள் நரம்பு செல்களின் துடிப்பை அடக்குகின்றன. வேண்டாததோடு வேண்டியதும் கொஞ்சம் அடங்கும். எல்லா மாத்திரையும் ஒன்றல்ல. டோபிராமேட் சிலருக்கு வார்த்தை தேட வைக்கும், அது நன்றாகத் தெரிந்த பக்கவிளைவு. ஃபீனோபார்பிட்டோன் ஆளையே மந்தமாக்கலாம். லெவெடிராசெட்டம் யோசனையைப் பெரும்பாலும் கெடுப்பதில்லை, ஆனால் சிலருக்கு எரிச்சலும் கோபமும் வரும். லாமோட்ரிஜின் இந்த விஷயத்தில் சாதுவானது என்று பெயர் வாங்கியது. டோஸ் கூடினாலும், இரண்டு மூன்று மாத்திரை சேர்ந்தாலும் மந்தம் கூடும். அதற்காகச் சொல்லாமல் கொள்ளாமல் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் நிற்காமல் தொடரும் வலிப்பு வரலாம். 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் அது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய அவசரம், மூளைக்கு உண்மையிலேயே சேதம் விளைவிக்கக் கூடியதும் அதுதான்.

மனச்சோர்வையும் விட்டுவிடாதீர்கள். இந்த நோய் உள்ளவர்களுக்கு அது மற்றவர்களைவிட அதிகம், அதுவே மறதி போலவும் வேடம் போடும்.

நியூராலஜிஸ்ட்டிடம் போவதற்கு முன் ஒரு தாளில் இரண்டு வரிசை எழுதுங்கள். ஒன்றில் எந்த மாத்திரை எப்போது தொடங்கியது, எப்போது டோஸ் கூட்டினார்கள். இன்னொன்றில் வார்த்தைத் தடுமாற்றமும் மறதியும் எப்போதிலிருந்து. இரண்டும் ஒட்டி வந்தால் டாக்டருக்கே பாதி விளங்கிவிடும், மாற்றிக்கொடுக்க வேறு மாத்திரைகள் இருக்கின்றன. ஒட்டவில்லை என்றால் தூக்கத்தில் இ.இ.ஜி. எடுக்கலாமா என்று கேளுங்கள். நரம்பு உளவியல் பரிசோதனையும் கேளுங்கள், சிலர் தாமாகச் சொல்வதில்லை. எனக்குச் செய்தபோது 15 வார்த்தைகளைத் திரும்பத் திரும்பப் படித்துக்காட்டி, அரை மணி நேரம் கழித்துக் கேட்டார்கள். கோடும் கட்டமுமாக ஒரு சிக்கலான படத்தையும் மனதிலிருந்து வரையச் சொன்னார்கள். படத்தை அப்படியே வரைந்துவிட்டேன், வார்த்தைகளில் பாதிக்குமேல் காணோம். அன்றிலிருந்து நினைவில் நிற்க வேண்டியதைப் படமாக வரைந்துவைக்கிறேன். தம்பிக்கு எது பலம் என்று தெரிந்தால் அவனும் அதன் வழியாகவே படிக்கலாம்.

படித்ததைச் சில நாள் இடைவெளி விட்டுத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள், ஒரே மூச்சில் படிப்பது என் மாதிரி ஆட்களுக்கு வீண். பரீட்சைக்கு முந்தின இரவு கண்விழிக்க விடாதீர்கள்: தூக்கம் கெட்டால் வலிப்பும் வரும், படித்ததும் நிற்காது.